அரோமாதெரபி வகுப்பில் சேருமுன்

விண்டர்கிரீன் என்றொரு நறுமண எண்ணெய் உண்டு. மூட்டுவலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கிற வாசனைக்குக் காரணமான மெதில் சாலிசிலேட்தான் ஏறக்குறைய அந்த எண்ணெய் முழுவதும். ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனால், 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒரேயடியாக விழுங்கியதற்குச் சமம். சின்னக் குழந்தையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே அரோமாதெரபி சான்றிதழ் வாங்கிவிட முடியும் என்பதுதான் கவலை தருகிற விஷயம்.

பியூட்டி பார்லர் நடத்துகிறவர்கள், வீட்டில் சோப்பு தயாரித்து விற்கிறவர்கள், ஸ்பாவில் வேலை தேடுகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் இந்தப் பயிற்சியில் சேர விரும்புகிறார்கள். வாரக்கடைசி ஜூம் வகுப்பும் இருக்கிறது, மாதக்கணக்கில் நீளும் டிப்ளமாவும் இருக்கிறது. இரண்டின் சான்றிதழிலும் தங்க முத்திரை பளபளக்கும். ஆனால் இந்தியாவில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இருப்பதுபோல அரோமாதெரபிக்குச் சட்டப்படியான கவுன்சில் எதுவும் இல்லை. சித்தா, ஆயுர்வேதம் போன்ற அரசு அங்கீகரித்த ஆயுஷ் முறைகளிலும் அதற்கு இடம் இல்லை. பிரிட்டனில்கூட யார் வேண்டுமானாலும் தன்னை அரோமாதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே 2008ல் தொடங்கிய சி.என்.எச்.சி. போன்ற பதிவேடுகள் உண்டு என்றாலும், பதிவது அவரவர் விருப்பம். ஆகவே விளம்பரத்தில் 'சர்வதேச அங்கீகாரம்' என்று போட்டிருந்தால், எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று கேட்க வேண்டும். அந்த அமைப்பின் பட்டியலில் பயிற்சி நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று நேரடியாகச் சரிபார்க்கவும் வேண்டும்.

வகுப்புக்கு வகுப்பு பாடம் மாறுவதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரிஸ் கட்டஃபோசே 1937ல் 'அரோமாதெரபி' என்ற பெயரிலேயே புத்தகம் வெளியிட்டார். அவருக்குப் பின் ராணுவ மருத்துவர் ழான் வால்னே போன்றவர்கள் அதை மருத்துவர் கையில் இருக்கும் மருந்தாகவே வளர்த்தார்கள். அந்த வழியில் உள்ளுக்குக் கொடுப்பதும் உண்டு. மார்கரீத் மோரி வழியாக பிரிட்டனில் பரவியதோ எண்ணெயை நீர்க்கச் செய்து உடம்பில் தேய்த்துவிடும் முறை. மருத்துவர் அல்லாத ஒருவர், இரண்டு நாள் வகுப்பில், 'தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கலாம்' என்று சொல்லிக்கொடுத்தால் அந்த வகுப்பைத் தவிர்ப்பதே நல்லது.

பாடத்திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது தாவரப் பெயர்கள். ஊட்டியில் காய்ச்சுகிற நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் குளோபுலஸ் இலையிலிருந்து வருவது. அதில் சினியோல் அதிகம். யூகலிப்டஸ் சிட்ரியோடோரா எண்ணெயில் இருப்பதோ பெரும்பாலும் சிட்ரோனெல்லால். ஒரே பெயரில் இரண்டையும் விற்றாலும் வேலை வேறு, எச்சரிக்கையும் வேறு. கைக்குழந்தையின் மூக்கருகே நீலகிரித் தைலம் ஏன் கூடாது என்பதை விளக்காத வகுப்பு அரைகுறை வகுப்புதான்.

ஆசிரியரைச் சோதிக்கத் தமிழ்நாட்டு மாணவருக்கு நம்மூர் மல்லிகையே போதும். சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் பூவை நீராவியில் காய்ச்சுவதில்லை. சூட்டில் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி 'அப்சொல்யூட்' பிரிக்கிறார்கள். அதே போல ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் இதழ்கள் தேவைப்படுகின்றன. இது தெரிந்த ஆசிரியர், சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெரிய பாட்டில் ரோஜா எண்ணெயை மாணவர் கையில் கொடுக்க மாட்டார்.

அடுத்தது கணக்கு. 30 மில்லி நல்லெண்ணெயில் 2 சதவீதம் கலப்பது என்றால் 0.6 மில்லி, அதாவது ஏறக்குறைய 12 சொட்டு. முகத்துக்கு அதிலும் பாதி, அல்லது அதற்கும் குறைவு. தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயை அளவுக்கு மேல் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துவிடும். வலிப்பு நோய் உள்ளவர், கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர் வந்தால் எதைத் தொடக்கூடாது என்பதற்கெல்லாம் தனிப் பாடம் இருக்க வேண்டும்.

எண்ணெய் விற்கிற நிறுவனமே வகுப்பு நடத்தினால் கூடுதல் கவனம் தேவை. கட்டணத்தோடு 'கிட்' கட்டாயம், நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி என்றால் அங்கே மாணவர் வாடிக்கையாளர்தான். 2014 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவற்றின் முகவர்கள் எபோலாவுக்குக்கூட எண்ணெய் மருந்தாகும் என்று பிரசாரம் செய்ததே காரணம். இதற்கு நேர்மாறாக, நல்ல ஆசிரியர் எண்ணெயால் ஆகாததையும் சொல்வார். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்வில், எலுமிச்சை வாசனை 56 பேரின் மனநிலையைத் தெளிவாக்கியது. வலியிலோ, தோல் ஆறும் வேகத்திலோ எந்த மாற்றமும் தெரியவில்லை.

எதற்காகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். எண்ணெய்த் தொழிலில் இறங்க நினைப்பவருக்கு 1991ல் உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் மத்திய அரசு தொடங்கிய நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் (எஃப்.எஃப்.டி.சி.) பொருத்தமானது. லக்னோவில் உள்ள சீமாப் எனும் மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது. கன்னோஜ் தெருக்களில் இன்றும் செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் குடத்துக்கு இறக்குவதைப் பார்க்கலாம். ஸ்பா வேலைக்கென்றால் அழகு மற்றும் நலத் துறைத் திறன் கவுன்சிலின் தெரபிஸ்ட் பயிற்சிகளை விசாரிக்கலாம். ஆட்களைத் தொட்டுச் செய்கிற வேலைக்கு, ஆசிரியர் பக்கத்தில் நின்று கைபார்த்துத் திருத்தும் நேரடி வகுப்பு அவசியம். ஒவ்வொருவருக்கும் என்ன கலவை, எத்தனை சொட்டு, மறுநாள் தோல் எப்படி இருந்தது என்று மாணவர் குறிப்பேடு எழுத வேண்டும். முன்னாள் மாணவரின் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

படிப்பு முடிந்து பலகை மாட்டும்போது 1954ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் குறுக்கே வரும். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவை குணமாகும் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.