சைக்கிளுக்குத் தடையா?

1926-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் பிமல் முகர்ஜி என்னும் வங்காள இளைஞர் மூன்று தோழருடன் கல்கத்தாவினின்று சைக்கிளேறிப் புறப்பட்டார். உலகத்தைச் சுற்றிவிட்டு அவர் ஊர் திரும்பியது 1937-இல். கையில் பொருளில்லை, போகுமிடந்தோறும் கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டே, பாலைவனத்தையும் பனிநாட்டையும் அவர் கடந்தார். அவரை எந்தத் தேசத்துப் போலீஸாரும் ‘நீ ஏறி வந்திருப்பது சைக்கிள், ஆகையால் இந்த வீதியில் உனக்கு இடமில்லை’ என்று தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் பெருமை அவருடைய சொந்த நகரத்துக்கே கிடைத்தது.

2008-ஆம் வருஷம் கல்கத்தா போலீஸார் நகரத்தின் 38 பெருவீதிகளில் சைக்கிள் செல்லலாகாதென்று தடை விதித்தனர். 2013-இல் அத்தடை 174 வீதிகளுக்கு விரிந்தது. கைவண்டிகளும், சரக்கேற்றும் மூன்று சக்கர வண்டிகளும் அதே உத்தரவில் அகப்பட்டுக் கொண்டன. தடையை மீறியவர்களுக்கு 100 ரூபாய் அபராதம். ஜனங்கள் கூக்குரலிட்டனர், சைக்கிள்காரர் சங்கம் கூட்டி ஊர்வலம் நடத்தினர், வழக்கு ஹைகோர்ட்டுக்குச் சென்றது. அதன்மேல் அதிகாரிகள் மனமிரங்கித் தடையை 62 வீதிகளாகக் குறைத்தார்கள். 174 தவறென்றால் 62 மட்டும் எப்படிச் சரியாயிற்று என்பதை அவர்கள் விளக்கவில்லை. அந்த 62-ம் நகரத்தின் முக்கியமான பாதைகள். அவற்றில் கால் வைக்காமல் நகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கம் போக நினைப்பவன் சந்துகளில் சுற்றிச் சுற்றித் திரிய வேண்டியதுதான்.

இந்தத் தடையால் அடிபட்டவர் யாவர்? பொழுதுபோக்குக்காகச் சைக்கிளேறும் கனவான்கள் அல்லர். விடியற்காலையில் பால் கொண்டு வருபவன், பத்திரிகை போடுகிறவன், மீன் விற்பவன், மின்சாரக் கம்பி பழுது பார்ப்பவன், நாலு வீட்டில் சமையல் செய்து பிழைப்பவன், புறநகரத்திலிருந்து தொழிற்சாலைக்கு வருகிறவன் ஆகிய இவர்களே. மோட்டார் வைத்திருப்பவனுக்கு 100 ரூபாய் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. பால்காரனுக்கோ அது அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி. வாரத்தில் இரண்டு முறை பிடிபட்டால் அவன் தொழிலையே விட்டுவிட நேரும். சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாமே என்று சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. இருபுறமும் பால்பாத்திரம் தொங்க, காலை நாலு மணிக்கு எந்தப் பஸ்ஸில் அவன் ஏறுவான்?

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். இந்தியாவில் 100 குடும்பங்களில் ஏறக்குறைய 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் கார் வைத்திருந்த குடும்பங்கள் 5-க்கும் குறைவு. அக்கணக்கு எடுத்த பிறகு மோட்டார்கள் வெகுவாகப் பெருகியிருக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் போலீஸார் இரண்டாவது உத்தரவைப் பிறப்பித்தது இக்கணக்கு எடுத்து இரண்டே வருஷங்களுக்குப் பின்பு. அதாவது, ஐந்து பேருக்கு வழி விடுவதற்காக நாற்பத்தைந்து பேரைச் சாலையினின்று இறக்கினார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். இங்கே வல்லான் வகுத்தது ராஜபாட்டை.

போலீஸார் சொன்ன காரணங்கள் இரண்டு. சைக்கிள் மெதுவாகச் செல்வதால் மற்ற வண்டிகளின் வேகம் குறைகிறது என்பது ஒன்று. சைக்கிளில் செல்வோர் விபத்துக்கு ஆளாகிறார்கள். அவர்களுடைய உயிரைக் காப்பதற்கே தடை என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். ஒருவன் மற்றொருவன்மீது மோதுகிறான், மோதுண்டவன் சாகிறான். மோதுகிறவனின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதா, மோதுண்டவனை வீதியை விட்டுத் துரத்துவதா? ஊரில் நாய் கடிக்கிறதென்று, நாயை அவிழ்த்து விட்டுவிட்டு மனிதரைக் கட்டிப் போடும் விவேகத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

வேகத்தைப் பற்றிய காரணமாவது நிலைக்குமா என்றால், அதுவும் நிலைக்காது. கல்கத்தாவின் மொத்த நிலப்பரப்பில் சாலைகள் அடைத்திருப்பது 100-க்கு 6 பங்கு என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மற்றப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் சொற்பம். இடம் இவ்வளவு குறைவாயிருக்கும்போது, அதிக இடம் பிடிக்கும் வாகனத்தைக் கட்டுப்படுத்துவதா, குறைந்த இடம் பிடிப்பதைக் கட்டுப்படுத்துவதா? மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு பாதையில் மணிக்குச் சுமார் 2,000 பேர் மோட்டார் காரில் செல்லலாம். அதே அகலத்தில் சைக்கிளில் 14,000 பேர் செல்லலாம் என்று போக்குவரத்து வல்லுநர் கணக்குச் சொல்வது வழக்கம். கணக்கில்லாமலும் இதை அறியலாம். ஒரு மோட்டார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும். அந்த மோட்டாருக்குள் பெரும்பாலும் ஒருவரே அமர்ந்திருப்பார். எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரைக் கச்சேரிக்குக் கொண்டு சேர்க்க ஆயிரம் கிலோ இரும்பை இழுத்துச் செல்வதும், அவர் கச்சேரியில் இருக்கும் எட்டு மணி நேரமும் அந்த இரும்பைப் பொது வீதியில் கிடத்தி வைப்பதும் நாகரிகமென்று கருதப்படுகின்றன. கிடத்தி வைத்த இரும்புதான் வீதியை அடைக்கிறதே ஒழிய, அதன் ஓரத்தில் ஒதுங்கிப் போகும் பால்காரனல்லன்.

இனி, சர்க்காரின் சொல்லும் செயலும் ஒன்றோடொன்று பொருந்தாமலிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2006-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையின் மூலாதாரமே, சாலையிடத்தை வாகனங்களுக்கென்று பங்கிடாமல் மனிதர்களுக்கென்று பங்கிட வேண்டும் என்பது. சைக்கிளுக்கும் பாதசாரிக்கும் தனிப்பாதை அமைக்க வேண்டுமென்றும் அது கூறுகிறது. அதன் மை உலர்ந்து இரண்டு வருஷத்துக்குள் கல்கத்தாவில் முதல் தடை வந்தது. இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. 2015-இல் மேற்கு வங்காள சர்க்கார் ‘ஸபுஜ் ஸாதி’ என்னும் திட்டத்தை ஆரம்பித்து, 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கியது. வழங்கப்பட்டவை ஒரு கோடிக்கு மேல். மிகவும் நல்ல காரியம், மனமார வாழ்த்துகிறோம். ஆனால் அச்சைக்கிளில் பள்ளிக்கூடம் சென்று படித்துத் தேறிய கிராமத்துப் பையன், அதே சைக்கிளில் வேலை தேடித் தலைநகரத்துக்கு வந்தால், சர்க்கார் கொடுத்த வண்டிக்கு அந்தச் சர்க்காரின் போலீஸாரிடமே அபராதம் கட்ட வேண்டும்! சுதந்திரம் வந்ததும் ஆசன்ஸோலை அடுத்து ஸென்-ராலே சைக்கிள் ஆலை நிறுவப்பட்ட மாகாணத்தின் கதை இது.

சைக்கிளோடு இது நிற்கவில்லை. கல்கத்தாவில் முதல் டிராம் ஓடியது 1873-இல். அப்போது குதிரைகள் இழுத்தன. 1902 முதல் மின்சாரத்தில் ஓடியது. புகையில்லாமல், குறைந்த கட்டணத்தில், ஏராளமான ஜனங்களை ஒரே சமயத்தில் ஏற்றிச் சென்ற அந்த வாகனத்தையும், மைதானத்தையொட்டிய ஒரு பாதையை மட்டும் பழைமைச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றில் நிறுத்திவிடுவதாக 2024 ஸெப்டம்பரில் போக்குவரத்து மந்திரி அறிவித்தார். அதற்கும் சொல்லப்பட்ட காரணம் நெருக்கடியும் வேகக் குறைவுமே. முதலில் சைக்கிள், பிறகு டிராம். அடுத்தபடியாக வீதிக்கு இடைஞ்சலென்று கண்டுபிடிக்கப்படுபவர் யார்? நடந்து செல்பவராகத்தான் இருக்க வேண்டும்.

‘சைக்கிளெல்லாம் ஹாலந்து தேசத்துக்குச் சரி, அவர்கள் பரம்பரையாகச் சைக்கிள்காரர், நமக்கு ஒத்து வராது’ என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. ஹாலந்தும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே மோட்டாரின் காலில் விழுந்து கிடந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் செல்வம் பெருகிற்று; மோட்டார்கள் பெருகின; சைக்கிள் பாதைகளைப் பெயர்த்தெறிந்தார்கள்; பழைய வீடுகளை இடித்து ராஜபாட்டை போட ஆலோசித்தார்கள். பலன் என்ன? 1971-ஆம் ஒரு வருஷத்தில் மட்டும் அச்சிறிய தேசத்தில் 3,000-க்கு மேற்பட்டோர் சாலை விபத்தில் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் பொறுக்கவில்லை. ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயராலேயே ஓர் இயக்கம் கிளம்பிற்று. தாய்மார் வீதியில் அமர்ந்தனர். குழந்தைகள் விளையாடுவதற்கென்று தெருக்களை மறித்தனர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டலாகாதென்று சர்க்காரே உத்தரவிட்டது. மோட்டாரில்லாத வீதி எப்படியிருக்கும் என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள்.

1977-இல் க்ரோனிங்கன் என்னும் நகரத்தார் துணிந்து ஒரு காரியம் செய்தனர். நகரத்தின் நடுப்பகுதியை நான்கு கூறாக்கி, ஒரு கூறிலிருந்து மற்றொரு கூறுக்கு மோட்டார் நேராகச் செல்ல முடியாதபடி வழிகளை மாற்றியமைத்தார்கள். மோட்டார் வெளிவட்டச் சாலையைச் சுற்றித்தான் வர வேண்டும்; சைக்கிளும் பாதசாரியும் நேரே போகலாம். கடைக்காரர் வியாபாரம் பாழாகுமென்று சண்டையிட்டனர், நகரசபையார் பின்வாங்கவில்லை. கல்கத்தாவில் சைக்கிளைச் சுற்ற விட்டார்கள், அங்கே மோட்டாரைச் சுற்ற விட்டார்கள், வித்தியாசம் இவ்வளவே. 2023-ஆம் வருஷத்தில் ஹாலந்தில் சாலை விபத்தில் மாண்டவர் தொகை 700-க்கும் குறைவு. மோட்டாரை அவர்கள் ஒழித்துவிடவுமில்லை. வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள். எங்கே, எந்த வேகத்தில் ஓட்டலாம் என்பதில்தான் கட்டுப்பாடு. கல்கத்தாவோ ஹாலந்தைப் போலவே ஆற்று முகத்துச் சமநிலத்தில் அமைந்த ஊர். ஏறி இறங்க ஒரு குன்றுகூடக் கிடையாது. வெயில் அதிகம் என்பார்கள். அந்த வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் மிதித்துக் கொண்டுதானிருக்கிறார்கள். அவர்கள் நிழல் கேட்கவில்லை, வழியைத்தான் கேட்கிறார்கள்.

கிழவர்களும் நோயாளிகளும் சைக்கிளேற முடியாது என்பதும், இருபது மைல் தூரத்துக்கு ரெயிலும் பஸ்ஸும் வேண்டுமென்பதும் நாமறியாததல்ல. எல்லோரும் மோட்டாரை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்குங்கள் என்று நாம் உபதேசிக்கவில்லை. ஏற்கெனவே சைக்கிளில் செல்பவனைக் குற்றவாளியாக்காதீர்கள் என்பதே நமது கட்சி. 2020-இல் தொற்று நோயின் காரணமாகப் புறநகர் ரெயில்கள் நின்று, பஸ்களும் அரிதாயிருந்த காலத்தில், கல்கத்தா போலீஸாரே தடையைச் சில வீதிகளில் சற்றுத் தளர்த்திச் சைக்கிள்காரரை அனுமதித்தார்கள். ஆபத்துக் காலத்தில் நகரத்தைத் தாங்கிய வாகனம் சௌகரிய காலத்தில் மட்டும் இடைஞ்சலாகுமா?

சென்னையில் இருப்போர் இதை அயலூர்ச் சங்கதியென்று தள்ளிவிட வேண்டாம். சென்னை நகரசபை 2014-இல் ஒரு தீர்மானம் செய்து, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 100-க்கு 60 பங்கை நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் செலவிடுவதெனக் கொள்கை வகுத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே மாலையில் குடும்பத்தோடு நடந்து செல்வோரைப் பார்த்தால் மனம் குளிர்கிறது. ஆனால் ஒரு பாண்டி பஜார் போதுமா? தமிழ்நாட்டு சர்க்காரும் மாணவர்களுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுத்து வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு மிதித்துச் சென்ற பெண், பட்டணத்துக்கு வந்து வேலையில் அமர்ந்த பின் அண்ணா சாலையில் அதை ஓட்டத் துணிவாளா என்று அவளைப் பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்கத்தாவில் உத்தரவு போட்டுத் தடுத்தார்கள். இங்கே உத்தரவில்லாமலே பயம் அந்த வேலையைச் செய்கிறது.

கல்கத்தா அதிகாரிகள் செய்யத்தக்கது கடினமானதொன்றுமில்லை. 2013-ஆம் வருஷத்து உத்தரவைத் திருத்திக் கொண்டிராமல், 2008-ஆம் வருஷத்து உத்தரவையும் சேர்த்து முழுதும் ரத்து செய்யட்டும். தடை போட்ட 62 வீதிகளிலும் மோட்டார் நிறுத்தி வைக்கும் ஓரத்தை எடுத்து, அதில் கல்வரம்பு கட்டிச் சைக்கிளுக்குப் பாதை விடட்டும். அபராதப் புஸ்தகத்தைச் சைக்கிள் பாதையில் வண்டியை நிறுத்துகிற மோட்டார்காரரிடம் கொண்டு போகட்டும். பால்காரனிடமும் பத்திரிகை போடும் பையனிடமும் இத்தனை வருஷம் வசூலித்த நூறு நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை.