பாரதியாரின் ‘தராசு’: தன்னிலை இதழியலும் வட்டாரப் பதிவும் (பெரம்பலூர், அரியலூர் பகுதிகளை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

செய்தியாளர் தம்மை மறைத்துக்கொண்டு எழுதுவதே நடுநிலை என்பது இதழியலில் நிலைபெற்ற கருத்து. இதற்கு மாறாக, எழுதுபவரின் சார்பையும் உணர்ச்சியையும் வெளிப்படையாக வைத்தவை பாரதியாரின் ‘தராசு’ கட்டுரைகள். அவற்றின் இயல்பை விளக்கி, அம்முறை வட்டாரப் பதிவுக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாரதியார், தராசு, தன்னிலை இதழியல், உ.வே.சா., அரியலூர், பெரம்பலூர்.

முன்னுரை

1970இல் அமெரிக்க இதழாளர் ஹண்டர் தாம்ப்சன், கென்டக்கியில் நடைபெறும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் பந்தயம் ஏறத்தாழ இல்லை. பார்வையாளர் கூட்டத்தின் குடிவெறியும், அக்கூட்டத்தில் தாமும் ஒருவராகிவிட்ட எழுத்தாளரின் நிலையுமே நிறைந்திருந்தன. பின்னர் ‘கான்சோ’ எனப் பெயர்பெற்ற இந்நடை, செய்தியாளரையே செய்தியின் பாத்திரமாக்கியது. தமிழில் இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டே, வேறொரு நோக்கில், இத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது.

‘தராசு’ என்னும் வடிவம்

1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியார், 1906இல் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ வார இதழில் தமக்கென ஒரு நடையை வகுத்துக்கொண்டார். அரசியல் கருத்துப்படங்களுக்குத் தமிழில் வழிகாட்டிய இதழ் அது. அரசின் நெருக்கடியால் 1908இல் அவர் புதுச்சேரி சென்றார். 1910இல் ‘இந்தியா’ நின்றுபோயிற்று. பின்னர் சுதேசமித்திரனில் ‘காளிதாஸன்’ என்னும் புனைபெயரில் அவர் எழுதியவையே ‘தராசு’ கட்டுரைகள்.

இவற்றில் ஒருவர் தராசுக் கடை வைத்திருக்கிறார். அத்தராசு பேசும், சிரிக்கும், கேட்போருக்கு விடையும் கூறும். பல ஊரினரும் பல தொழிலினரும் கடைக்கு வந்து, நாட்டு நடப்பு முதல் தம் சொந்தக் கவலை வரை எதையும் நிறுக்கத் தருகின்றனர். தலையங்கம் மேடையில் நின்று பேசுவது. தராசுக் கட்டுரையோ கடைத்தெருவில் நின்று பேசுகிறது. கேலியும் சினமும் அறிவுரையும் ஒரே பக்கத்தில் கலந்து வருகின்றன.

தன்னிலையும் நம்பகமும்

இவ்வெழுத்தின் வலிமை அதன் துணிச்சலில் மட்டும் இல்லை. தராசு கடைக்காரருடையது என்பது வாசகருக்கு முதலிலேயே தெரியும். தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது மறைக்கப்படாததால், நிறுத்தவரையே நிறுத்துப் பார்க்கும் உரிமை வாசகருக்குக் கிடைக்கிறது. தராசு பேசுவதாகக் கூறுவது கற்பனை என்பதும் வெளிப்படை. ஆதலின் அக்கற்பனையை உண்மை நிகழ்ச்சியாகக் கருதி எவரும் ஏமாற இடமில்லை. தாம்ப்சனின் எழுத்தில் நிகழ்ந்ததும் புனைந்ததும் எல்லை தெரியாமல் கலந்துவிடுகின்றன. பாரதியாரிடம் அவ்வெல்லை தெளிவாக நிற்கிறது. இதுவே இருவருக்குமிடையிலான முதன்மை வேறுபாடு.

அரியலூர்: இருவகைப் பதிவுகள்

தன்னிலை எழுத்து வட்டார வரலாற்றுக்குத் தரும் பயனை அரியலூர் எடுத்துக்காட்டுகிறது. 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் சேதமுற்றுத் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொது நினைவில் இன்று எஞ்சுவது பெரும்பாலும் அப்பதவி விலகலே. மாண்டோரின் முகங்களோ அவர்களைத் தேடி வந்தோரின் சொற்களோ அந்நினைவில் இடம்பெறவில்லை.

இதற்கு ஏறக்குறைய நூறாண்டு முந்திய அரியலூர், தமிழ் வாசகருக்கு இதனினும் நெருக்கமானது. காரணம், 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. வறுமையிலும் தமிழ்ச்சுவையில் தோய்ந்திருந்த அரியலூர்ச் சடகோபையங்கார், காரிகை கற்பித்த செங்கணம் விருத்தாசல ரெட்டியார், இளமையில் அவர் வாழ்ந்த குன்னம் ஆகியன அத்தொடரில் உயிரோடு நிற்கின்றன. பாரதியாரின் சீற்றமோ விளையாட்டோ அடக்கமான அவ்வுரைநடையில் இல்லை. எனினும், கண்டவர் தம்மை மறைக்காமல் எழுதியமையால், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்கள் வெறும் பெயர்களாகச் சுருங்கவில்லை.

முடிவுரை

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள், பருத்தி, மக்காச்சோளம் பயிரிடும் மானாவாரி நிலங்கள் ஆகியன இவ்விரு மாவட்டங்களின் இன்றைய வாழ்வை உருவாக்குகின்றன. விபத்து, விலை, உற்பத்தி குறித்த எண்கள் செய்திக்கு இன்றியமையாதன. ஆனால் சுரங்கத்தை ஒட்டி வாழ்வோரின் அச்சத்தையும், விலை வீழ்ந்த நாளில் உழவர் வீட்டில் நிலவும் மௌனத்தையும் எண்கள் மட்டும் உணர்த்தா. அங்கே நின்று கண்டவர் தம் நிலைப்பாட்டை மறையாமல் எழுத வேண்டும். நிகழ்ந்ததையும் தாம் கருதியதையும் பிரித்துக் காட்டவும் வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில் தன்னிலை எழுத்து நடுநிலைக்குப் பகையன்று. நேர்மையின் மற்றொரு வடிவம் என்பதைப் பாரதியாரின் ‘தராசு’ புலப்படுத்துகிறது.