எங்கிருந்து? எங்கே? – நீர் ஊர்தியின் குழாய்கள்

நுழையும் முன்

ஓர் இயந்திரத்தைக் கழற்றுவது எளிது. கழற்றியதை முன்போல் மாட்டுவதே கடினம். அதற்குக் கைவலிமை மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்பின் வேலையையும் அறிந்திருக்க வேண்டும். அதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

கரையேறிய ஊர்தி

கோவாவின் கலங்குட், பாகா முதலிய கடற்கரைகளில் அலைகளின்மீது சீறிப்பாயும் சிறு ஊர்திகளை நீங்கள் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் அமர்ந்து செலுத்தும் இவற்றை மக்கள் வாட்டர் ஸ்கூட்டர் என்றும் ஜெட் ஸ்கீ என்றும் அழைப்பர். இவற்றின் அடியிலுள்ள பம்பு கடல்நீரை உறிஞ்சிப் பின்புறமாக வேகத்துடன் பீச்சுகிறது. அந்த விசையால் ஊர்தி முன்னே செல்கிறது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அங்குக் கடல் கொந்தளிக்கும். நீர் விளையாட்டுகள் நிறுத்தப்படும். ஊர்திகளைப் பழுதுபார்க்க ஏற்ற காலம் அதுவே. எஞ்சினை வெளியே எடுத்து, பழுது நீக்கி, மீண்டும் உள்ளே பொருத்தும்போது மெக்கானிக்கின் முன் ஒரு கேள்வி நிற்கும். ஒன்றுபோலவே தோன்றும் இத்தனை ரப்பர் குழாய்களுள் எது எங்கே செல்ல வேண்டும்?

நால்வகைக் குழாய்கள்

இன்றைய புதிய ஊர்திகளுள் பெரும்பாலானவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. பழையவற்றில் இருவீச்சு எஞ்சின்களே மிகுதி. இருவீச்சு எஞ்சினில் எண்ணெய் தேங்கி நிற்கும் தனி அறை இல்லை. பெட்ரோலுடன் கலந்தோ தனிக் குழாய் வழியாகவோ உள்ளே வரும் எண்ணெயே உறுப்புகளின் உராய்வைத் தணிக்கிறது. அவ்வெண்ணெயும் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்துவிடும். ஆதலால் அது தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

முதல் வகை, பெட்ரோல் குழாய்கள். ஒன்று தொட்டியிலிருந்து வடிகட்டி வழியாகக் கார்புரேட்டருக்குப் பெட்ரோலைக் கொண்டு செல்லும். மற்றொன்று மிஞ்சிய பெட்ரோலைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். இன்னொரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் காற்றை விடும். அது அடைபட்டால் பெட்ரோல் வருவது மெல்ல மெல்ல நின்றுவிடும்.

இரண்டாம் வகை, துடிப்புக் குழாய். இதில் பெட்ரோலும் செல்வதில்லை, நீரும் செல்வதில்லை. பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும்போது கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு இக்குழாய் வழியாகச் சென்று பெட்ரோல் பம்பின் மெல்லிய சவ்வை அசைக்கும். இக்குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் பம்பு சோர்ந்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்துடன் எரிந்து பிஸ்டனைச் சிதைக்கும்.

மூன்றாம் வகை, எண்ணெய்க் குழாய்கள். இவை எண்ணெய்த் தொட்டியிலிருந்து சிறு பம்பின் வழியாக எஞ்சினுக்குச் செல்லும். இவற்றுள் ஒன்றை மாட்ட மறந்தாலும் எஞ்சின் கிளம்பும். சிறிது நேரம் நன்றாகவே ஓடும். பின்னர்ப் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அப்போது ஊர்தி கரையிலிருந்து வெகுதொலைவில் இருக்கக்கூடும். அமைதியாகத் தீங்கு செய்யும் பிழை இது.

நான்காம் வகை, நீர்க் குழாய்கள். பம்பு பீச்சும் நீரில் ஒரு பங்கு இவற்றின் வழியே சென்று, எஞ்சினையும் புகை செல்லும் பாதையையும் குளிர்வித்துக் கடலுக்கே திரும்பும். இக்குழாய் கழன்றால் எஞ்சின் சூடேறும். கடல்நீரும் ஊர்திக்குள் நிறையும்.

மாட்டும் முறை

மாட்டும் பணி கழற்றுவதற்கு முன்பே தொடங்குகிறது. குழாயின் முனையிலும் அது பொருந்தும் இடத்திலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டவேண்டும். படமும் எடுத்து வைக்கவேண்டும். அடையாளம் இல்லாத குழாயை ஊகத்தால் மாட்டக்கூடாது. அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தொடர்ந்து சென்று பார்க்கவேண்டும். எங்கிருந்து? எதன் வழியாக? எங்கே? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே மாட்டவேண்டும். விடை கிடைக்காவிட்டால் அந்த ஊர்திக்கு உரிய கையேட்டைப் பார்க்கவேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு ஊர்திகளிலும்கூடக் குழாய்களின் அமைப்பு வேறுபடலாம்.

இறுகிப்போன குழாயையும் வெடித்த குழாயையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. பெட்ரோலைத் தாங்கும் குழாய் வேறு, நீர்க்குழாய் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டக்கூடாது. எண்ணெய்க் குழாயில் தங்கிய காற்றுக்குமிழிகளை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஊர்தியின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறியும் அதைப் பற்றவைக்கும். எனவே எஞ்சினைக் கிளப்புமுன் இருக்கையைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் உண்டாக்கவேண்டும். பெட்ரோல் கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கரையில் குழாய்நீர் விட்டுச் சோதிக்கும்போது முதலில் எஞ்சினைக் கிளப்பி, அதன் பின்னரே நீரைத் திறக்கவேண்டும். முடிக்கும்போது முதலில் நீரை மூடி, அதன் பின்னரே எஞ்சினை நிறுத்தவேண்டும். இவ்வரிசை மாறினால், புகை வெளியேறும் வழியே நீர் எஞ்சினுக்குள் புகுந்துவிடும்.

இப்பணி பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கு உரியது. ஆயினும் அவர்கள் கேட்கும் மூன்று வினாக்களை நீங்களும் கேட்டுப் பழகலாம். வீட்டில் மிதிவண்டியையோ மின்விசிறியையோ பிரிக்கும் நாளில் அவை உதவும்.

சொற்பொருள்

பீச்சுதல் – வேகமாக வெளியே தள்ளுதல்
உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
சவ்வு – மெல்லிய தோல் போன்ற படலம்
ஊகம் – உறுதியாக அறியாமல் எண்ணிக்கொள்வது

மொழியை அறிவோம்

தொட்டியிலிருந்து (புறப்படும் இடம்) – வடிகட்டி வழியாக (பாதை) – கார்புரேட்டருக்கு (சேரும் இடம்).
இவ்வாறே உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியை ஒரு தொடரில் எழுதுக.

வினாக்கள்

1. துடிப்புக் குழாயின் வழியே செல்வது எது?
2. எண்ணெய்க் குழாயை மாட்ட மறப்பதை ‘அமைதியாகத் தீங்கு செய்யும் பிழை’ என்று கூறுவது ஏன்?
3. கரையில் எஞ்சினைச் சோதிக்கும் முறையை வரிசையாக எழுதுக.
4. நீங்கள் பிரித்து மாட்டிய ஒரு பொருளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.