சூடு பட்டால் குருதி நிற்பதேன்?

கற்பிட்டியில் களப்பு நீருக்குள் வலையோடு நடக்கிறவன், மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்து, அதன் வால்முள் தைத்துக் குருதி பெருகக் கரையேறும்போது, புண்ணில் நெருப்பு வைத்தாலென்ன என்று தோன்றுவது இயல்பே. அந்த எண்ணமும் புராதனமானதுதான். பண்டைய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை அதனை அக்கினி கர்மம் எனப் பெயரிட்டுத் தனி அத்தியாயத்தில் விவரிக்கிறது.

கொதிநீரில் முட்டையின் வெண்கரு வெளுத்து இறுகுவதுபோல, குருதியிலும் நாளச் சுவரிலுமுள்ள புரதங்கள் ஏறக்குறைய 60 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேல் வடிவம் குலைந்து திரள்கின்றன. சுவரின் நார்கள் சுருங்கி நாளத்தின் வாயை நெருக்க, திரண்ட குருதியே அதற்கு அடைப்பாகிறது. 1926இல் பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்னும் சஸ்திர வைத்தியர், போவி என்பவர் அமைத்த மின்கருவியால் இதையே நுட்பமாகச் செய்தார். விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசைமாறும் மின்னோட்டமாதலால், நரம்பு துடிக்காமல் திசு மட்டும் வேகிறது.

திருக்கைப் புண்ணுக்கோ இத்தகைய உக்கிரம் ஆகாது. நெருப்பு சதையைக் கருக்கிக் கிருமிகளுக்கு இரையாக்குமேயன்றி, ஆழத்தில் இறங்கிய நஞ்சைத் தொடாது. அந்த நஞ்சும் புரதமே; மிதமான உஷ்ணத்திலேயே வலிமை குன்றக்கூடியது. ஆகவே குருதியை அழுத்தி நிறுத்தியபின், ஏறக்குறைய 45 பாகைச் சுடுநீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைத்தால், வேதனை பெரும்பாலும் தணிகிறது. ஒடிந்த முள்ளை எடுக்க வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். நீரின் சூட்டை முள் தைக்காத காலால் முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். தைத்த காலுக்கு அப்போது சூடு சரியாகத் தெரியாது.