நிறுத்திய பிறகும் ஆடும் வண்டி

டீயைக் கையில் எடுக்காதீர்கள், கோப்பை வண்டிக்குள் மேஜையிலேயே இருக்கட்டும். இப்போது வீட்டில் ஒருவரைப் படுக்கைப் பக்கத்திலிருந்து கதவு வரை வழக்கம்போல நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் கோப்பையை மட்டும் பாருங்கள். டீ எந்தத் திசையில் அலைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் பிக்கப்புக்குப் பின்னால் டிராவல் டிரெய்லர் இழுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். முதல் இரவு முடிந்ததுமே அவர்கள் கேட்பது இதைத்தான்: "மூலைக்கு ஒன்றாக நாலு ஜாக் இறக்கியாச்சு. அப்புறமும் ஏன் ஆடுது?" மேலடுக்குப் படுக்கையில் பிள்ளை புரண்டு படுத்தால் கீழே பாட்டிக்குத் தூக்கம் கலைகிறது. ஜாக்கை இன்னும் இறுக்கு என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்வார். இறுக்குகிறார்கள், ஆட்டம் அப்படியே இருக்கிறது.

முதலில் எடை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 6,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,700 கிலோ எடையுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது நேராக ஓட வேண்டும் என்பதற்காக அதில் 10 முதல் 15 சதவீதம் எடை மூக்குப் பக்கம் இருக்கும்படி வைப்பார்கள். மீதி முழுவதும் சக்கரத்தின் மேல். சக்கரம் என்றால் காற்றடைத்த ரப்பர், அதற்கு மேல் பட்டை ஸ்பிரிங். பிக்கப்பிலிருந்து கழற்றி மூக்கை ஜாக்கில் நிறுத்திய பிறகும் அந்த வீடு ஸ்பிரிங் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காரில் இருப்பது போன்ற ஷாக் அப்சார்பர் பெரும்பாலான டிரெய்லர்களில் கிடையாது. ஒரு முறை ஆடத் தொடங்கினால் அடங்க நேரமாகும்.

மூலை ஜாக்குகள் முட்டுக் கொடுப்பதற்கு மட்டுமே. அவற்றின் பெயரே ஸ்டெபிலைசர் ஜாக். வண்டியைத் தூக்கி மட்டம் செய்ய அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும்; அடுத்த நாளே கதவு சட்டத்தில் உரசத் தொடங்கும், ஜன்னல் ஓரத்துச் சீலன்ட் விரியும். கதவு திடீரென்று மூட மறுத்தால், கீலில் எண்ணெய் விடுவதற்கு முன் போய் ஜாக்குகளைப் பாருங்கள்.

மட்டம் செய்வதற்குத் தனி வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. பிக்கப்பில் மாட்டியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து ஏற்றி, இடம் வலம் சரிசெய்ய வேண்டும். அடுத்து சக்கரங்களுக்குக் கட்டை. கட்டை போட்ட பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது. முன் பின் மட்டத்தைக் கடைசியில் மூக்கு ஜாக்கால் சரிசெய்துகொள்ளலாம். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்தால் போதும். மட்டம் சுகத்துக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. கேஸில் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் தன் எடையால்தான் கீழே வழிந்து திரும்புகிறது. வண்டி அதிகம் சாய்ந்திருந்தால் அது தேங்கி ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும்.

இனி கோப்பைக்கு வருவோம். டீ மேலும் கீழும் நடுங்கி, நடுவில் வட்ட வட்டமாக அலை எழுந்தால், அது ஸ்பிரிங்கின் ஆட்டம். இதற்குத்தான் மூலை ஜாக் உண்மையில் உதவும், அதுவும் சரியாக இறக்கினால். அனுபவஸ்தர்கள் செய்யும் உபாயம் ஒன்று இருக்கிறது. மட்டம் வந்ததும் மூக்கை ஓர் அங்குலம் தாழ்த்துங்கள், வால் அதற்கேற்ப உயரும். அந்த நிலையில் பின் ஜாக் இரண்டையும் தரையில் நன்றாகப் படும்வரை இறக்குங்கள். பிறகு மூக்கை மறுபடி மட்டத்துக்கு உயர்த்தினால் வால் இறங்கி அந்த ஜாக்குகளின் மேல் அழுந்தி உட்காரும். அதன் பிறகு முன் ஜாக்குகள். ஓர் அங்குலம் என்றால் ஓர் அங்குலம்தான். ஆசைப்பட்டு நாலு அங்குலம் தாழ்த்தினால் மேலே சொன்ன முறுக்கல் வந்துவிடும். டிரில் வைத்து ஜாக்கை இறக்குபவர்கள் சத்தத்தைக் கேளுங்கள். கால் தரையைத் தொட்டதும் சத்தம் கனக்கும். அங்கே நிறுத்தி, மிச்சம் அரைச் சுற்றைக் கையால் திருப்புங்கள்.

டீ முன்னும் பின்னும், அதாவது வண்டியின் நீளவாக்கில் அலைந்தால் எந்த ஜாக்கை எவ்வளவு இறுக்கியும் பெரிய பயன் இல்லை. பலருக்கும் இருக்கும் தொல்லை இதுதான், பலரும் தவறான இடத்தில் மருந்து தேடுவதும் இங்கேதான். குனிந்து சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். இரட்டை அச்சு வண்டியில் முன் ஸ்பிரிங்கையும் பின் ஸ்பிரிங்கையும் நடுவில் ஈக்வலைசர் என்ற இரும்புத் துண்டு இணைத்திருக்கும். மேடு பள்ளத்தில் இரண்டு சக்கரமும் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அது ஊசலாடும்படியே செய்யப்பட்டது. உள்ளே ஒருவர் நடக்கும்போது ஸ்பிரிங் தட்டையாகி நீள்கிறது, மறுபடி வளைந்து சுருங்குகிறது. அதோடு முன் சக்கரமும் பின் சக்கரமும் துளித்துளியாக நெருங்கி விலகுகின்றன. வெளிப்பக்கம் வைத்த கட்டை வண்டி உருண்டு ஓடாமல் தடுக்கும். ரப்பர் அமுங்கி நிமிர்வதையும் நடுவில் நடக்கும் இந்த அசைவையும் அதனால் தடுக்க முடியாது.

அதற்கு இரண்டு டயருக்கும் நடுவில் வைத்துத் திருகும் எக்ஸ்-சாக் என்ற கருவி கிடைக்கிறது. திருகத் திருக விரிந்து, முன் டயரை முன்னாலும் பின் டயரைப் பின்னாலும் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ராத்திரிக் குளிரில் டயர் சற்றுச் சுருங்குவதால் காலையில் தொட்டுப் பார்த்தால் பிடி தளர்ந்திருக்கும், ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். இது வந்துவிட்டது என்பதற்காகத் தரையில் வைக்கும் கட்டையை எடுத்துவிடக் கூடாது. வாங்குவதற்கு ஏதாவது ஒன்றைச் சொல் என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பக்கவாட்டு ஆட்டம் வேறு கதை. கதவைத் திறந்து ஒருவர் படியேறும்போதே டீ இடமும் வலமும் சாயும். ஜாக்கின் கால் நேராகக் கீழே நிற்கிறது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கத்திலிருந்து தள்ளினால் மூட்டுகளில் உள்ள தளர்ச்சியோடு சாயும். நம் ஊரில் சாரம் கட்டுபவர் நட்ட கம்பங்களை மட்டும் நம்பி மேலே ஏற மாட்டார். குறுக்கே சாய்வாக ஒரு கம்பு வைத்துக் கட்டிய பிறகுதான் ஏறுவார். அதே வேலையை இங்கே செய்ய, அடிச்சட்டத்துக்கும் ஜாக்கின் பாதத்துக்கும் இடையே சாய்வாகப் பூட்டும் குழாய்கள் விற்கிறார்கள். லிப்பர்ட் நிறுவனத்தின் ஜேடி ஸ்ட்ராங் ஆர்ம் இந்த வகை. நன்றாகவே பிடிக்கும், சில நூறு டாலர் பிடிக்கும். கடைசியில் வாங்க வேண்டியது இது.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கால் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு வளையும், அதுவும் நேர்விகிதத்தில் இல்லை. ஒரே பருமனுள்ள காலை இரட்டிப்பு நீளத்துக்கு நீட்டினால், அதே பக்கவாட்டுத் தள்ளலுக்கு எட்டு மடங்கு வளையும். ஆகவே ஜாக்குக்கு அடியில் தடிமனான மரக்கட்டை வைத்து, கால் குறைவாக நீளும்படி பாருங்கள். கட்டையால் இன்னொரு நன்மையும் உண்டு. சரளையிலும் ஈரப் புல்லிலும் சின்னப் பாதம் புதைந்துபோகும், அகலமான பலகை புதையாது. மழை பெய்த மறுநாள் காலை நாலு ஜாக்கையும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். கையால் அசைத்தால் அசைகிற ஜாக் இருந்தும் இல்லாத ஜாக்.

இவ்வளவு கனமான பொருளை ஒரு பிள்ளையின் ஓட்டம் எப்படி அசைக்கிறது என்று வியப்பாக இருக்கலாம். பலத்தைவிடத் தாளம் முக்கியம். மனிதர் சாதாரணமாக வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறார். இடது கால் ஒரு பக்கமும் வலது கால் மறு பக்கமும் தள்ளுவதால் பக்கவாட்டுத் தள்ளல் வினாடிக்கு ஒரு முறை. காலுக்குக் கீழே இருப்பதன் இயல்பான ஆட்டமும் அதே தாளத்தில் இருந்துவிட்டால் ஒவ்வொரு அடியும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் கட்டிய மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். மக்கள் நடந்த நடையிலேயே அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஆட்டத்துக்கு ஏற்ப மக்களும் காலை அகட்டி வைக்க, ஆட்டம் மேலும் வளர்ந்தது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி மறுபடி திறக்க 2002 பிப்ரவரி ஆயிற்று. பொறியாளர்கள் கட்டிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால் தகரமும் பிளைவுட்டும் சேர்ந்த பெட்டி ஆடுவதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாம் செய்த பிறகும் கட்டில் பக்கத்தில் மட்டும் கால் வைத்தால் மெத்தென்று அமுங்குகிறதா? அது தரைப்பலகையின் வளைவு. எடை குறைந்த வண்டிகளில் சகஜம், ஜாக்கால் தீராது. ஈரம் ஏறிப் பலகை ஊறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் படிக்கட்டு உள்ள வண்டியில் படியின் அடியில் ஒரு முட்டு வைத்தால் ஏறி இறங்கும்போது வரும் குலுக்கல் வெகுவாகக் குறையும். வெளியே தள்ளி நீளும் அறைக்கு அடியில் மட்டும் முட்டு வைக்காதீர்கள். அந்த அறை வண்டியோடு சேர்ந்து அசையும்படி செய்யப்பட்டது, தயாரிப்பாளர் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே கணக்கு.

கிளம்பும் நாளில் எல்லாம் தலைகீழ் வரிசை. எக்ஸ்-சாக்கையும் மூலை ஜாக்கையும் மறந்து வண்டியை எடுப்பவர்கள் உண்டு. முதல் பத்தடியிலேயே இரும்பு வளையும் சத்தம் சொல்லிவிடும். ஒரு முறை சுற்றி நடந்து, நாலு மூலையும் குனிந்து பாருங்கள். சக்கரக் கட்டையைக் கடைசியில் எடுங்கள், அதுவும் கொக்கி மாட்டி, பின்னைச் செருகி, பாதுகாப்புச் சங்கிலி போட்ட பிறகு.