பழைய பிக்கப் வண்டியைப் பேணும் முறை

குடியானவர் தமது உழவுமாட்டைப் பேணும் விதத்தை யாவரும் அறிவர். வேளை தவறாமல் தீனி வைப்பார்; வேலை முடிந்ததும் குளிப்பாட்டுவார்; கழுத்தில் புண் கண்டால் நுகத்தில் பூட்டாமல் ஓய்வு கொடுப்பார். ஆனால் அவரே தமது பிக்கப் வண்டிக்கு டீசல் ஊற்றுவதோடு கடமை தீர்ந்ததென்று கருதிவிடுகிறார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி நின்றுவிட்டால், "வயதாகிவிட்டது" என்று அதன்மேல் பழி சுமத்தி, கடன் வாங்கிப் புதியது எடுக்க முற்படுகிறார். வண்டி கெடுவது பெரும்பாலும் வயதினால் அன்று. சிறு செலவுகளை ஒத்திப்போடுவதினாலேயே என்பதை இங்கு எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் விவசாயி ஒருவரின் வண்டியில், ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மாற்றாமல், குறையும்போதெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்தார். கோடையில் ஒரு நாள், எண்பது பெட்டித் தக்காளியுடன் மேட்டில் ஏறும்போது அக்குழாய் முற்றிலும் கிழிந்தது. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பின்னும், சந்தை தவறிவிடுமே என்று சிறிது தூரம் ஓட்டிச் சென்றார். சிலிண்டர் ஹெட் வளைந்து, காஸ்கெட்டும் கெட்டுப்போயிற்று. குழாயின் விலை சில நூறு ரூபாய். பழுது பார்த்த செலவோ அதைப்போல் பல மடங்கு. தக்காளியும் அன்று சந்தை சேரவில்லை. வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட எண்ணியவர், மெக்கானிக்கின் யோசனைப்படி அதைச் செப்பனிட்டு, கீழ்க்கண்ட முறைகளைக் கையாளத் தொடங்கினார். அவ்வண்டி இன்றும் சந்தைக்குப் போய்வருகிறது.

தண்ணீர்.— ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் உப்பு மிகுதி. வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் சுண்ணாம்பைப் போலவே ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் அது படிந்து, சூடு வெளியேறுவதைத் தடுக்கும். ஆகையால் வண்டியின் கைப்புத்தகத்தில் கூறியுள்ள வகைக் கூலண்டையே வார்க்க வேண்டும். கலக்க நேர்ந்தால் வாலை வடிநீரையே கலத்தல் வேண்டும். சூடாயிருக்கையில் மூடியைத் திறக்கலாகாது. ரேடியேட்டரின் முன்புறம் அடையும் வைக்கோல் தூசியையும் பூச்சிகளையும் என்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்து நீக்க வேண்டும்.

எண்ணெய்.— வயதான என்ஜின் சிறிது எண்ணெய் குடிப்பது இயல்பு. வாரம் ஒரு முறை, காலையில் வண்டியைக் கிளப்புமுன், சமதரையில் நிறுத்தி அளவுக்குச்சியைப் பார்க்க வேண்டும். புழுதி மிகுந்த வண்டிப்பாதையில் பாரத்துடன் ஓடும் வண்டிக்குக் கைப்புத்தகத்தில் கண்ட தவணைக்கு முன்னதாகவே எண்ணெயையும் அதன் பில்டரையும் மாற்றுவது நலம். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டதென்று அறிந்து, உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

புகை.— நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, காற்றுப் பில்டர் அடைபட்டதையோ டீசல் மிகையாய்ச் செல்வதையோ காட்டும். என்ஜின் சூடான பின்னும் வெண்புகை நீடித்துக் கூலண்டும் குறைந்துவந்தால், கூலண்ட் உள்ளே எரிகிறதென்று ஐயுற வேண்டும். அறுவடைக் காலத்தில் காற்றுப் பில்டரை அடிக்கடி பார்ப்பது அவசியம்.

டீசல்.— தொட்டி வற்றும் வரை ஓட்டினால் அடியிலுள்ள கசடு பில்டரை அடைத்துவிடும். டீசல் பில்டரில் தங்கும் நீரைத் தவணைப்படி வடித்துவிட வேண்டும்.

பெல்ட்.— சில என்ஜின்களில் டைமிங் செயினும், சிலவற்றில் டைமிங் பெல்ட்டும் உண்டு. பெல்ட்டுள்ள வண்டியில், குறித்த கிலோமீட்டரோ குறித்த ஆண்டோ, எது முந்துகிறதோ அதன்படி மாற்றிவிட வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

உரமும் துருவும்.— நம் வண்டிகளுக்கே உரிய கேடு இது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் முதலிய உரங்கள் சிந்தி ஈரம் பட்டால் இரும்பை வேகமாய் அரிக்கும். ஈரத் தொழுவுரமும் அத்தகையதே. உரம் ஏற்றிய அன்றே பெட்டியைக் கூட்டி, அடிப்பாகம் உள்படக் கழுவி, உலரவிட வேண்டும். என்ஜினை மாற்றிவிடலாம், சேஸிஸ் துருப்பிடித்து இற்றுவிட்டால் வண்டியே போயிற்று.

பாரம்.— பதிவுச் சான்றில் காலி எடையும் மொத்த எடையும் குறித்திருக்கும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே, ஆட்கள் உள்பட, ஏற்றத்தக்க பாரம். அதற்கு மேல் ஏற்றினால் வில்பட்டை, கிளட்ச், பிரேக், டயர் யாவும் கெடும். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மிகைபாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மேலும், எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதாதலால், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம்.

கணக்குப் புத்தகம்.— இவை யாவற்றினும் முக்கியமானது ஒரு சிறு குறிப்புப் புத்தகம். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசல், செய்த வேலை, ஆன செலவு ஆகியவற்றை அதில் எழுதிவர வேண்டும். ஒரே பாதையில், ஒரே பாரத்திற்கு டீசல் கூடுதலாய்ச் செலவாகத் தொடங்கினால், நோய் முற்றுமுன்னரே அப்புத்தகம் காட்டிக்கொடுக்கும். வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதையும் ஊகத்தினால் அன்றி, ஓராண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

கிராம அலுவலர்கள் இவ்விஷயங்களை விவசாயிகள் கூட்டங்களில் எடுத்துரைப்பார்களாயின் பெரும் பயன் விளையும். விவசாயிகளும் அடுத்த அறுவடை தொடங்குமுன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, ரப்பர்க் குழாய், பெல்ட், டயர், பிரேக் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வார்களாக. அந்த ஒரு நாள் வேலை, விளைந்த பொருள் வழியில் அழுகாமல் காக்கும்.