தொடர்பு அறுந்தால் எந்த சர்வர் நீடிக்கும்? கணினிக் குழுக்கள் முடிவெடுப்பது எப்படி?

கர்நாடக மாநிலம், கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவில் வசிக்கும் ஒருவரும் அவருடைய மகனும் வைத்துள்ள கூட்டு வங்கிக் கணக்கில் ரூ.10,000 இருப்பதாகக் கொள்வோம். தந்தை உள்ளூர் ஏடிஎம்மில் ரூ.8,000 எடுக்கிறார். தங்கவயலில் இருந்து நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பணிபுரியும் மகன், அதே நிமிடத்தில் அதே கணக்கில் இருந்து யுபிஐ வழியாக ரூ.8,000 அனுப்புகிறார். வங்கியின் இரண்டு கணினி மையங்களை இணைக்கும் கண்ணாடி இழை வடம் அந்த நேரத்தில் அறுந்திருந்தால் என்ன ஆகும்?

இரண்டு மையங்களும் தனித்தனியே அனுமதி வழங்கினால், ரூ.10,000 இருந்த கணக்கில் இருந்து ரூ.16,000 வெளியேறிவிடும். தொடர்பு சீரானதும், ஒன்றுக்கொன்று முரண்பட்ட இரண்டு கணக்கேடுகள் மிஞ்சும். இந்த நிலையைக் கணினித் துறையினர் ‘ஸ்பிளிட் பிரெய்ன்’, அதாவது பிளவுபட்ட மூளை என்று அழைக்கின்றனர். இதைத் தடுப்பதற்காகவே, தொடர்பு அறுந்தால் எந்த சர்வர் பணியைத் தொடர வேண்டும், எது விலக வேண்டும் என்பதற்கான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன.

மௌனத்துக்கு இரு பொருள்

வங்கி, பங்குச் சந்தை போன்ற முக்கியச் சேவைகள் ஒரே கணினியை நம்பி இயங்குவதில்லை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பணியைத் தொடரும் வகையில் பல சர்வர்கள் ஒரே குழுவாக இணைக்கப்படுகின்றன. இது ‘கிளஸ்டர்’ எனப்படும். குழுவில் உள்ள கணினிகள், தாங்கள் இயங்கிக்கொண்டிருப்பதை உணர்த்தும் சிறு செய்தியைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிமாறிக்கொள்கின்றன. இதற்கு ‘இதயத்துடிப்பு’ என்று பெயர்.

துடிப்பு நின்றுவிட்டால், சக கணினி செயலிழந்துவிட்டதா அல்லது இடையில் உள்ள வடம் மட்டும் அறுந்துள்ளதா என்பதை மறுமுனையில் உள்ள கணினியால் உறுதிசெய்ய இயலாது. இரண்டு நிலைகளிலும் அதற்குக் கிடைப்பது மௌனம் மட்டுமே. அந்த நேரத்தில் கலந்து பேசி முடிவெடுக்கவும் வழியில்லை. எனவே, விதியை முன்கூட்டியே வகுத்து, அனைத்துக் கணினிகளிலும் பதிவு செய்துவைக்க வேண்டியுள்ளது.

பெரும்பான்மைக்கே உரிமை

பரவலாகப் பின்பற்றப்படும் விதி, பெரும்பான்மை. சட்டமன்றத்தில் அவை நடக்கக் குறைந்தபட்ச உறுப்பினர்கள் தேவைப்படுவது போல, இங்கும் ‘கோரம்’ தேவை. 5 சர்வர்கள் கொண்ட குழு 3, 2 எனப் பிரிந்தால், 3 சர்வர்கள் உள்ள தரப்பு பணியைத் தொடரும். மற்ற 2 சர்வர்களும் நல்ல நிலையில் இருந்தாலும் தாமாகவே பணியை நிறுத்திக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு பெரும்பான்மைகள் இருக்க முடியாது என்பதே இவ்விதியின் பலம்.

குழுவில் 4 சர்வர்கள் இருந்து இரண்டிரண்டாகப் பிரிந்தால், எத்தரப்புக்கும் பெரும்பான்மை கிடைக்காது. இதனாலேயே ஒற்றைப்படை எண்ணிக்கை விரும்பப்படுகிறது. இரண்டு சர்வர்கள் மட்டுமே உள்ள இடங்களில், மூன்றாவது இடத்தில் ஒரு சிறு கணினியோ பொது வட்டோ ‘சாட்சி’யாக வைக்கப்படுகிறது. அதன் வாக்கைப் பெறும் சர்வரே நீடிக்கும்.

ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தளக் குழுக்களில், அதிக சர்வர்கள் உள்ள தரப்பு நீடிக்கிறது. இரு தரப்பும் சமமாக இருந்தால், குறைந்த வரிசை எண் கொண்ட சர்வர் உள்ள தரப்புக்கு முன்னுரிமை வழங்கப்பட்டு வந்தது. பிற்காலப் பதிப்புகளில், எந்தத் தரப்பில் கூடுதல் சேவைகள் இயங்குகின்றன என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது.

விலக வேண்டிய சர்வர் உறைந்துபோய், சற்று நேரம் கழித்து விழித்தெழுந்து பழைய நினைவில் தரவை எழுதத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்க, நீடிக்கும் தரப்பு அதன் மின் இணைப்பைத் தொலைவில் இருந்தே துண்டிக்கும் அல்லது சேமிப்பகத்தை அணுக முடியாதபடி தடுத்துவிடும். இது ‘வேலியிடுதல்’ எனப்படுகிறது.

மும்பையில் நேர்ந்தது

விதி வகுக்கப்பட்டிருப்பது மட்டும் போதாது என்பதை 2021 பிப்ரவரி 24 அன்று நாடு கண்டது. தேசிய பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணியளவில் வர்த்தகம் நிறுத்தப்பட்டு, பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. அன்றே வாங்கி அன்றே விற்பவர்கள், தங்கள் கணக்கை அங்கு முடித்துக்கொள்ள இயலாமல் தவித்தனர்.

முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள மாற்று மையத்துக்கும் இடையே, இரண்டு நிறுவனங்களிடம் இருந்து பெறப்பட்ட தொலைத்தொடர்பு இணைப்புகள் இருந்தன. சாலையில் நடைபெற்ற தோண்டும் பணிகளால் அவை பாதிக்கப்பட்டன. வடிவமைப்பின்படி, இணைப்பு அறுந்தாலும் முதன்மைச் சேமிப்பகம் தொடர்ந்து இயங்கியிருக்க வேண்டும். ஆனால் சர்வர்களால் அதை அணுக முடியாமல் போனதாகவும், இதனால் இடர் மேலாண்மை அமைப்பு உள்ளிட்டவை முடங்கியதாகவும் தேசிய பங்குச் சந்தை விளக்கமளித்தது. நீடித்திருக்க வேண்டிய தரப்பே நின்றுபோனது.

இதையடுத்து, 2021 மார்ச்சில் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி விதிகளைக் கடுமையாக்கியது. அதன்படி, முக்கிய அமைப்புகள் முடங்கினால் 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்தில் இருந்து பணியைத் தொடங்க வேண்டும்.

43 நொடியும் 24 மணி நேரமும்

அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்தில் நேர்ந்தது வேறு விதம். 2018 அக்டோபர் 21 அன்று பராமரிப்புப் பணியின்போது, கிழக்குக் கடற்கரையில் உள்ள அதன் மையத்துடனான தொடர்பு 43 நொடிகள் மட்டுமே துண்டிக்கப்பட்டது. மற்ற இடங்களில் இருந்த கணினிகள் விதிப்படி பெரும்பான்மை அமைத்து, தலைமைப் பொறுப்பை மேற்குக் கடற்கரைக்கு மாற்றின. ஆனால் கிழக்கில் அதற்குள் எழுதப்பட்டிருந்த சில நொடித் தரவுகள் மேற்கைச் சென்றடைந்திருக்கவில்லை. இரண்டு ஏடுகளையும் சரிபார்த்துச் சேவையை முழுமையாகச் சீராக்க 24 மணி 11 நிமிடங்கள் தேவைப்பட்டன. பெரும்பான்மை விதி தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அத்தலைவரிடம் முழுமையான தரவு இருப்பதைத் தனியே உறுதிசெய்ய வேண்டும்.

தொடர்பு அறுந்த நிலையில், பிழையற்ற தரவையும் தடையற்ற சேவையையும் ஒருசேர வழங்க இயலாது என்று கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்தார். 2002-இல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் ஆகியோர் அதற்குக் கணித முறையில் நிரூபணம் அளித்தனர். பணம் சார்ந்த அமைப்புகள் பொதுவாகப் பிழையற்ற தரவையே தேர்ந்தெடுக்கின்றன.

பேத்தமங்களா எடுத்துக்காட்டில், விதி சரியாகச் செயல்பட்டால் தந்தை, மகன் இருவரில் ஒருவருக்கேனும் ‘சேவை தற்காலிகமாக இல்லை’ என்ற அறிவிப்பே கிடைக்கும். அது எரிச்சலூட்டக்கூடும். எனினும், கணக்கில் இல்லாத பணம் வெளியேறாமல் காப்பது அந்த மறுப்புதான்.